போர்வெல் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகையில் ஃப்ரீஆர்டிஓஎஸ்: அமைப்புக் கோப்பின் எண்களை எதை வைத்து முடிவு செய்வது?

சூலூர்_சுற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் உள்ள ஒரு சிறு பட்டறை, நீர்மூழ்கி மோட்டாரை இயக்கவும் காக்கவும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையைச் செய்து விற்கிறது. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு நிகழ்நேர இயங்குதளத்தின் மேல் ஓடும் அதன் மென்பொருளைக் கவனிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. முதலில் எழுதியவர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். குறிப்புகள் எதையும் விட்டுச் செல்லவில்லை.

பலகையில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103சி8 சில்லு. 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், 64 கிலோபைட் ஃப்ளாஷ், 20 கிலோபைட் ராம். மூன்று ஃபேஸ்களின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) வாசித்து, டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றித் தரவை நகர்த்தும் பகுதி) வழியாக ராமில் சேர்க்கிறது. சிங்கிள் ஃபேஸிங் (ஒரு ஃபேஸ் போய்விடுவது), டிரை ரன் (தண்ணீரின்றி ஓடுவது), ஓவர்லோடு ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரை விடுவிக்க வேண்டும். தோட்டக்காரர் அனுப்பும் குறுஞ்செய்தியை ஜிஎஸ்எம் மோடம் வாங்கி, மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் செய்கிறது. இவை தவிரச் சிறு திரை ஒன்றும், சில்லின் ஃப்ளாஷிலேயே எழுதப்படும் நிகழ்வுப் பதிவும் உள்ளன.

மேசையில் வைத்து ஓட்டினால் குறையே தெரிவதில்லை. பல்லடம், சுல்தான்பேட்டைப் பக்கத் தோட்டங்களில் பொருத்தியவற்றில் சில மட்டும், மோட்டார் தொடங்கும் நேரத்தில் குறுஞ்செய்தியும் வந்து சேர்ந்தால் அப்படியே நின்றுவிடுகின்றன. திரை உறைந்து போகிறது. கான்டாக்டர் இழுத்த நிலையிலேயே இருக்கிறது. ஆயிரம் அடியைத் தாண்டிய போரில் தண்ணீர் இறங்கிய பிறகும் மோட்டார் ஓடிக் காயில் எரிந்தால், குழாயைத் தண்டு தண்டாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். அந்தச் செலவு ஒரு விவசாயிக்கு எவ்வளவு பெரியது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அமைப்புக் கோப்பில் இப்போது இருப்பவை: டிக் (இயங்குதளத்தின் காலத் துடிப்பு) 1000 ஹெர்ட்ஸ், ஐந்து டாஸ்க்குகளும் (தனித்தனியாக ஓடும் வேலைகள்) ஒரே முன்னுரிமையில், ஒவ்வொன்றுக்கும் ஸ்டாக் (டாஸ்க்கின் தற்காலிக நினைவகம்) 128, ஹீப் (பொது நினைவகத் தொகுப்பு) வகை 4, அளவு 12 கிலோபைட், அசெர்ட் (தவறு கண்டால் அங்கேயே நிறுத்தும் சோதனை) வரையறுக்கப்படவில்லை, ஸ்டாக் நிரம்பலைச் சோதிக்கும் அமைப்பு பூஜ்ஜியத்தில், வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் ஊட்டாவிட்டால் சில்லை ரீசெட் செய்யும் எண்ணி) இல்லை. இந்த எண்கள் ஏதோ ஒரு மாதிரித் திட்டத்திலிருந்து அப்படியே வந்தவை போலத் தெரிகின்றன. ஒவ்வொன்றையும் எதன் அடிப்படையில் முடிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அவிநாசி_மின் எழுதியது:

அமைப்புக் கோப்பைத் தொடுவதற்கு முன் மின்வழங்கலைச் சோதித்துவிடுங்கள். ஜிஎஸ்எம் மோடம் அலைபரப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதே நேரத்தில் மோட்டார் தொடங்கி லைன் மின்னழுத்தமும் சரிந்தால் சில்லின் 3.3 வோல்ட் தளர்ந்துபோக வாய்ப்புண்டு. சில்லின் கடிகாரத்தையும் ரீசெட்டையும் கவனிக்கும் ஆர்சிசி பகுதியின் சிஎஸ்ஆர் பதிவகத்தில் கடைசி ரீசெட் எதனால் வந்தது என்பது பதிந்திருக்கும். தொடக்கத்திலேயே அதைப் படித்துச் சேமித்துக்கொண்டு, பிறகு அழியுங்கள். ரீசெட் முனையைக் குறிக்கும் கொடி எல்லா ரீசெட்டிலும் எழும் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பவர்-ஆன் கொடி எழுந்திருந்தால் குற்றம் மின்வழங்கலில் இருக்கிறது.

சூலூர்_சுற்று எழுதியது:

நன்றி அண்ணா. நின்றுபோன பலகைகள் தாமாக மீண்டும் தொடங்குவதில்லை, ரீசெட் ஆகாமலே உறைகின்றன. ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தபோது 3.3 வோல்ட் ஆடவில்லை. எனவே மென்பொருள் பக்கம்தான் என்று கருதுகிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன அறிகுறியையும் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால், நான் முதலில் சந்தேகிப்பது யூஆர்ட் (மோடம் பேசும் தொடர்வழி) இன்டரப்ட்டின் (ஓடும் வேலையை வன்பொருள் இடைமறிக்கும் அழைப்பு) முன்னுரிமையை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஃப்ரீஆர்டிஓஎஸ் உங்களுடையதைப் போன்ற கார்டெக்ஸ்-எம் செயலி கொண்ட சில்லில் ஓடும்போது அதிகம் பேரைத் தடுமாற வைப்பது இந்த ஒரே இடம்தான்.

ஃப்ரீஆர்டிஓஎஸ் டாஸ்க்குகளில் எண் கூடினால் முன்னுரிமை கூடும். பூஜ்ஜியம் என்பது சும்மா இருக்கும் ஐடில் டாஸ்க்கின் இடம். வன்பொருள் இன்டரப்ட்டுகளில் இது தலைகீழ்: எண் குறையக் குறைய அவசரம் கூடும், பூஜ்ஜியம்தான் எல்லாவற்றிலும் உச்சம். எஸ்டிஎம்32 சில்லுகளில் முன்னுரிமைக்கு நான்கு பிட்டுகள், அதாவது 0 முதல் 15 வரை பதினாறு நிலைகள் உள்ளன. இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் உள்ளகப் பட்டியல்களைத் திருத்தும்போது எல்லா இன்டரப்ட்டுகளையும் நிறுத்துவதில்லை. மேக்ஸ் சிஸ்கால் இன்டரப்ட் பிரயாரிட்டி என்று அமைப்புக் கோப்பில் கொடுத்த எல்லைக்கு உட்பட்டவற்றை மட்டும், பேஸ்ப்ரை பதிவகத்தின் வழியாகத் தடுத்து வைக்கிறது. அந்த எல்லை பெரும்பாலான திட்டங்களில் 5. ஆகவே 5 முதல் 15 வரையுள்ள இன்டரப்ட்டுகள் கர்னலின் சேவைகளை அழைக்கலாம், அதுவும் ஃப்ரம்ஐஎஸ்ஆர் என்று முடியும் வடிவங்களை மட்டும். 0 முதல் 4 வரையுள்ளவை கர்னலை எந்த வகையிலும் தொடக்கூடாது.

சில்லு தொடங்கும்போது ஒவ்வொரு இன்டரப்ட்டின் முன்னுரிமையும் பூஜ்ஜியம். அதை மாற்றும் வரியை எழுதாமல் விட்டுவிட்டு, யூஆர்ட் இன்டரப்ட்டுக்குள் வந்த எழுத்தை வரிசையில் போடும் அழைப்பை எழுதியிருந்தால், நிரல் பெரும்பாலும் சரியாகவே ஓடும். கர்னல் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும் அந்த மைக்ரோ நொடிகளுக்குள் ஒரு எழுத்து வந்து விழுந்தால் மட்டுமே பட்டியல் சிதையும். மோட்டார் தொடங்கும்போது டாஸ்க்குகளுக்கு இடையே செய்திகள் அதிகம் பரிமாறப்படுகின்றன. குறுஞ்செய்தி வரும்போது யூஆர்ட்டில் எழுத்துகள் தொடர்ந்து கொட்டுகின்றன. இரண்டும் சேரும் நேரத்தில் உறைகிறது என்று நீங்கள் எழுதியது இதனோடு பொருந்துகிறது.

ஊகத்தில் நிற்க வேண்டாம். அசெர்ட்டை வரையறுங்கள். கார்டெக்ஸ்-எம்3 போர்ட்டில் (அந்தச் செயலிக்கென எழுதிய கர்னல் பகுதி) இன்டரப்ட் முன்னுரிமையைச் சரிபார்க்கும் செயற்பாடு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அசெர்ட் வரையறுக்கப்பட்டால்தான் அது உயிர்பெறும். முன்னுரிமைப் பிட்டுகள் நான்கும் முந்துரிமைக்கே, துணை முன்னுரிமைக்கு ஒன்றுமில்லை என்று குழு 4-இல் வைக்கவும் மறக்க வேண்டாம்.

அடுத்தது ஸ்டாக். டாஸ்க்கை உருவாக்கும்போது நீங்கள் கொடுக்கும் 128 என்பது பைட் கணக்கில் இல்லை. இந்தச் சில்லில் நான்கு பைட் கொண்ட சொற்களின் கணக்கு. ஆக 512 பைட். இஎஸ்பி32-க்கு வரும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அதே இடத்தில் பைட்டையே கொடுக்க வேண்டும் என்பதால், அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் எண்ணை நகலெடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அளவிடும் டாஸ்க்குக்கு 512 பைட் போதலாம். மோடம் டாஸ்க் சி மொழியின் ஸ்பிரிண்ட்எஃப் செயற்பாட்டைக் கொண்டு செய்தி அமைக்கிறது என்றால், அதிலும் தசம எண்களை அச்சிடுகிறது என்றால், 512 பைட் போதவே போதாது. 2 கிலோபைட்டிலிருந்து தொடங்குங்கள். மின்னோட்டத்தைப் பத்து மடங்கு முழு எண்ணாக வைத்து அச்சிட்டால் ஸ்டாக்கும் மிச்சம், ஃப்ளாஷும் மிச்சம்.

எல்லா டாஸ்க்குக்கும் ஒரே அளவு கொடுப்பது, ஒன்றைப் பட்டினி போட்டு மற்றொன்றுக்கு வீணாக்குவதில்தான் முடியும். முதலில் தாராளமாகக் கொடுத்து, ஸ்டாக் சோதனையை 2-ஆம் முறையில் வையுங்கள். மோட்டார் தொடக்கம், நீளமான குறுஞ்செய்தி, பிழைச் செய்தி என்று மிக மோசமான வழிகள் அனைத்தையும் ஓட்டிய பிறகு, ஹை வாட்டர் மார்க் அழைப்பின் மூலம் ஒவ்வொரு டாஸ்க்கிலும் எவ்வளவு மீந்தது என்று பாருங்கள். அதுவும் சொற்களின் கணக்கில்தான் வரும். பயன்பட்டதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டிவைப்பது என் வழக்கம். இன்டரப்ட் நிரல்கள் டாஸ்க்கின் ஸ்டாக்கில் ஓடுவதில்லை. முதன்மை ஸ்டாக்கில் ஓடுகின்றன. அதன் அளவு நினைவகத்தைப் பங்கிடும் லிங்கர் கோப்பில் இருக்கிறது, அதையும் ஒருமுறை பாருங்கள். கர்னல் தொடங்கும்போது இந்த முதன்மை ஸ்டாக்கைத் தொடக்கத்திற்கே திருப்பிவிடும் என்பதால், மெயினின் உள்மாறிகளில் வைத்த தரவை எந்த டாஸ்க்குக்கும் சுட்டியாகக் கொடுக்கக்கூடாது.

பெருந்துறை_கருவி எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இந்த வேலைக்கு நிகழ்நேர இயங்குதளம் எதற்கு? ஒரு மின்சுழற்சி 20 மில்லி நொடி. டிரை ரன் என்று முடிவு செய்யச் சில நொடிகள் பொறுத்துத்தான் பார்க்கிறோம். 72 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கு அந்த நேரம் மிக மிக அதிகம். ஒரே ஒரு முடிவிலாச் சுழற்சி, அதில் நிலைமாற்ற முறையில் எழுதிய மூன்று நான்கு செயற்பாடுகள், ஒரு டைமர் இன்டரப்ட்: இவ்வளவு போதும். ஸ்டாக் ஒன்றே ஒன்று. முன்னுரிமைத் தலைகீழ் (தாழ்ந்த வேலைக்காக உயர்ந்த வேலை காத்துக் கிடப்பது) இல்லை, பட்டியல் சிதைவு இல்லை. பெருந்துறை சிப்காட்டில் நான் பார்த்த பல இயந்திரக் கட்டுப்பாடுகள் இப்படித்தான் பல்லாண்டுகளாக ஓடுகின்றன. சிக்கலைக் கொண்டுவந்து பின் அதற்கு மருந்து தேடுவதைவிட, கொண்டுவராமல் இருப்பது நல்லது.

நொய்யல்கரை எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மோடம் இல்லாத பலகையாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மோடம் வந்த பிறகு நிலைமை மாறுகிறது: ஒரு கட்டளைக்குப் பதில் வரப் பல நொடிகள் ஆகலாம்; இடையில் கேட்காத செய்திகளும் வந்து கலக்கும்; சிக்னல் போய் மீண்டும் பதிவாகும்; பாதியில் நின்ற உரையாடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இவை அனைத்தையும் நிலைமாற்ற முறையில் எழுத முடியும், ஆனால் ஓராண்டு கழித்து வேறொருவர் படித்துத் திருத்தும்படி எழுதுவது கடினம். தனி டாஸ்க்கில், காத்திருக்கும் இடத்தில் காத்திருந்து, மேலிருந்து கீழாக எழுதினால் படிப்பவருக்கு விளங்கும். தம்பியின் கையில் இப்போது இருப்பது குறிப்பில்லாத பழைய நிரல் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். தோட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும் பலகையை முற்றிலும் புதிதாக எழுதுவது இப்போதைக்கு அதிக ஆபத்து.

அவிநாசி_மின் எழுதியது:

இருவருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்கிறேன். இயங்குதளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பைமெட்டல் ஓவர்லோடு ரிலேயை ஸ்டார்ட்டரிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மென்பொருள் உறைந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். டிரை ரன்னில் மின்னோட்டம் குறையுமே தவிர அதிகரிக்காது என்பதால், அதை மட்டும் அந்த ரிலே பிடிக்காது. அதற்கு உங்கள் பலகையைத்தான் நம்பியாக வேண்டும்.

வெள்ளகோவில்_பொறி எழுதியது:

முன்னுரிமை பற்றி எழுதுகிறேன். ஐந்து டாஸ்க்கும் ஒரே முன்னுரிமையில் இருந்தால், அவை டிக்குக்கு டிக் மாறிமாறி ஓடும். திரையை வரைவதும் மோட்டாரைக் காப்பதும் சமமாகிவிடும். குறுகிய இடைவெளியில் திரும்ப வரும் வேலைக்கு உயர்ந்த முன்னுரிமை என்ற விதியை கணினி ஆய்வாளர்களான லியூ, லேலண்ட் இருவரும் 1973-இல் நிறுவினார்கள். மூன்று டாஸ்க்குகள் என்றால் சில்லின் நேரத்தில் ஏறத்தாழ 78 விழுக்காடு வரை பயன்படுத்தினாலும் எல்லாக் கெடுவும் தவறாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் உங்கள் பலகை அந்த வரம்பின் அருகில்கூட வராது. ஒரு சுழற்சிக்கு 64 மாதிரிகள் வீதம் ஆறு அளவுகள் என்றால் 384 எண்கள்; முழு எண் கணக்கில் அவற்றின் ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) காண ஒரு மில்லி நொடிகூட ஆகாது. கார்டெக்ஸ்-எம்3-இல் உள்ள டிடபிள்யூடி சுழற்சி எண்ணியைக் கொண்டு நீங்களே அளந்து பார்க்கலாம். ஆகையால் உங்களுக்கு இருப்பது வேகப் பற்றாக்குறை அல்ல. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் வைக்கும் வரிசை: அளவிடுதல் உச்சத்தில், அதற்குக் கீழே காப்பு, பிறகு மோடம், பிறகு திரை, கடைசியில் பதிவு. அளவிடும் டாஸ்க் டிலே கொண்டு உறங்க வேண்டாம். டிஎம்ஏ பாதியும் முழுதும் நிரம்பும்போது வரும் இன்டரப்ட் அதற்கு நேரடி அறிவிப்பு அனுப்பட்டும். அப்போது கால ஒழுங்கை வன்பொருளே தரும், டிக் எவ்வளவு என்பது பொருட்டே ஆகாது. காப்பு டாஸ்க்குக்கு மட்டும் டிலே அன்டில் பயன்படுத்துங்கள். வெறும் டிலே என்றால் வேலைக்கு ஆன நேரமும் சேர்ந்து இடைவெளி நழுவிக்கொண்டே போகும்.

காப்பு டாஸ்க்கும் பதிவு டாஸ்க்கும் ஒரே தரவைப் பகிர்ந்தால், அதைக் காக்கும் பூட்டு பைனரி செமாஃபோராக இருக்கக்கூடாது. மியூடெக்ஸாக இருக்க வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் முறைத்தண்ணீர் பாயும் தோட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள்: முறை உடையவர் மடையில் காத்திருக்கிறார், மடைச் சாவி இளையவரிடம் இருக்கிறது, அவரை நடுவில் ஒருவர் வேறு வேலைக்கு அழைத்துப் போய்விட்டார். முறை உடையவரின் தகுதி இளையவருக்குத் தற்காலிகமாகக் கிடைத்தால்தான் அவரை யாரும் இடையில் அழைக்க முடியாது. மியூடெக்ஸ் செய்வது அதைத்தான். பைனரி செமாஃபோரில் அது இல்லை. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனதற்குக் காரணம் இதே முன்னுரிமைத் தலைகீழ். அதில் ஓடிய விஎக்ஸ்ஒர்க்ஸில் இந்த மரபுரிமை வசதி இருந்தும் அந்த மியூடெக்ஸுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து திருத்தம் அனுப்பி அதை இயக்கிய பிறகுதான் சரியானது.

நொய்யல்கரை எழுதியது:

வெள்ளகோவில் நண்பர் சொன்ன வரிசை சரி. ஆனால் எந்த முன்னுரிமையாலும் தீராத ஒன்று இந்தப் பலகையில் இருக்கிறது. பதிவைச் சில்லின் ஃப்ளாஷிலேயே எழுதுகிறீர்கள். எஃப்103-இல் ஒரு பக்கத்தை அழிக்க 20 முதல் 40 மில்லி நொடி ஆகும். அந்த நேரம் முழுதும் ஃப்ளாஷிலிருந்து ஆணைகளைப் படிக்க முடியாததால் சில்லே நின்றுவிடும். மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் உள்ள பதிவு டாஸ்க் அழிக்கத் தொடங்கினால், உச்சத்தில் உள்ள அளவிடும் டாஸ்க்கும் நிற்கும், இன்டரப்ட்டும் நிற்கும். டிஎம்ஏ மட்டும் ராமில் எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு சுழற்சிக்கு 768 பைட் வீதம் இரண்டு சுழற்சிக்கு 1536 பைட் தேக்கம் வைத்திருந்தால், 40 மில்லி நொடியில் அது முழுதும் ஒருமுறை மேலெழுதப்பட்டுவிடும். விழித்ததும் டாஸ்க் கலந்துபோன சுழற்சிகளைக் கணக்கிட்டு, இல்லாத சிங்கிள் ஃபேஸிங்கைக் கண்டு மோட்டாரை நிறுத்தவும் கூடும்.

பதிவை ஐ2சி வழியாக வெளி ஈஈப்ராமுக்கு (தனி நினைவகச் சில்லு) மாற்றுவதுதான் என் பரிந்துரை. 24சி வரிசைச் சில்லு ஒரு பக்கம் எழுத 5 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும், ஆனால் அந்த நேரத்தில் உங்கள் சில்லு வேறு வேலை செய்யலாம். எஃப்103 ஃப்ளாஷின் ஒவ்வொரு பக்கமும் 10,000 முறை அழிப்பதற்கே உறுதி தரப்பட்டது என்பதையும் பாருங்கள். பலகையை மாற்ற முடியாது என்றால், மோட்டார் நின்றிருக்கும்போது மட்டும் பக்கத்தை அழியுங்கள்.

சூலூர்_சுற்று எழுதியது:

ஐயா, அசெர்ட்டை வரையறுத்து, மேசையில் ஒரு கணினியிலிருந்து யூஆர்ட்டுக்கு எழுத்துகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டு ஓட்டினேன். முதல் எழுத்திலேயே போர்ட் கோப்பின் இன்டரப்ட் முன்னுரிமைச் சோதனையில் நின்றது. யூஆர்ட் இன்டரப்ட்டுக்கு முன்னுரிமை அமைக்கும் வரியே நிரலில் இல்லை. 6 என்று அமைத்த பிறகு அந்த இடத்தைக் கடந்து ஓடுகிறது. அதன் பின் ஸ்டாக் சோதனை மோடம் டாஸ்க்கைப் பிடித்தது. 512 சொற்களாக உயர்த்திவிட்டேன். டாஸ்க்குகளை எல்லாம் நிலையான ஒதுக்கீட்டுக்கு மாற்றினால் ஹீப்பே தேவைப்படாது போலிருக்கிறதே, அது நல்லதுதானா? வாட்ச்டாக்கை எங்கிருந்து ஊட்டுவது?

நொய்யல்கரை எழுதியது:

மிகவும் நல்லது தம்பி. இந்தப் பலகையில் எந்த டாஸ்க்கும் ஓடும்போது பிறப்பதில்லை, இறப்பதுமில்லை. எனவே நிலையான ஒதுக்கீடே பொருத்தம். ராம் போதுமா என்பதை லிங்கரே கட்டும்போது சொல்லிவிடும், தோட்டத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஐடில் டாஸ்க்குக்கும், பயன்படுத்தினால் டைமர் டாஸ்க்குக்கும், நினைவகம் தரும் செயற்பாடுகளை நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

வாட்ச்டாக்கை டைமர் இன்டரப்ட்டிலிருந்து ஊட்டினால் டாஸ்க்குகள் அனைத்தும் செத்த பிறகும் அது ஊட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு டாஸ்க்கும் தன் சுற்று முடிந்ததும் ஈவென்ட் குரூப் என்ற கொடித் தொகுப்பில் தனக்குரிய பிட்டை எழுப்பட்டும். எல்லாப் பிட்டும் வந்தால் மட்டும் ஒரு மேற்பார்வை டாஸ்க் ஊட்டட்டும். மோடம் டாஸ்க் நீண்ட பதிலுக்குக் காத்திருக்கும்போது, அரை நொடிக்கு ஒருமுறை விழித்துத் தன் பிட்டை எழுப்பிவிட்டு மீண்டும் காத்திருக்க வேண்டும். சில்லின் வாட்ச்டாக்கான ஐடபிள்யூடிஜி ஓடும் எல்எஸ்ஐ உள்கடிகாரம் 40 கிலோஹெர்ட்ஸ் என்று சொன்னாலும் 30 முதல் 60 வரை இருக்கலாம். 2 நொடி என்று கணக்கிட்டு வைத்தால் உண்மையில் ஏறத்தாழ 1.3 முதல் 2.7 நொடி வரை எதுவாகவும் இருக்கலாம். குறைந்த எண்ணுக்குப் பொருந்துமாறு எழுதுங்கள்.

வெள்ளகோவில்_பொறி எழுதியது:

டிக் பற்றிச் சுருக்கமாக: 1000 ஹெர்ட்ஸே இருக்கட்டும். ஒரு மில்லி நொடிக்கு உங்களிடம் 72,000 சுழற்சிகள் உள்ளன. டிக் இன்டரப்ட்டுக்குச் செல்வது அதில் மிகச் சிறு பங்கு. 16 பிட் டிக் அமைப்பு பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 1 என்று இருந்தால் 65 நொடிக்கு ஒருமுறை எண்ணி சுழன்றுவிடும். 32 பிட்டிலும் 49 நாள் 17 மணி நேரத்தில் சுழலும். பேட்டரி துணையுடன் மாதக்கணக்கில் ஓடும் பலகை அந்த நாளைக் கண்டிப்பாகச் சந்திக்கும். இப்போதைய நேரம் இலக்கு நேரத்தைவிடப் பெரிதா என்று ஒப்பிடும் வரிகள் எங்கிருந்தாலும், இப்போதைய நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்து வரும் குறியற்ற எண்ணைக் கால அளவோடு ஒப்பிடுமாறு மாற்றிவிடுங்கள்.

பெருந்துறை_கருவி எழுதியது:

இயங்குதளத்தோடுதான் தொடர்வது என்று முடிவானால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ச்டாக் ரீசெட் ஆனதும் கான்டாக்டர் விடுபடும். நிரல் மீண்டும் தொடங்கிய உடனே மோட்டாரைப் போடக்கூடாது. நான்-ரிட்டர்ன் வால்வு சரியில்லாத போரில், குழாயில் நின்ற தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பு எதிர்த்திசையில் சுழலும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் ஷாஃப்ட் தாங்காது. ரீசெட் எதனால் வந்திருந்தாலும் தொடக்கத் தாமதம் முழுதும் கழிந்த பிறகே கான்டாக்டர் இழுக்க வேண்டும்.

சூலூர்_சுற்று எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. தாமதம் இப்போது குறுஞ்செய்தி வழியில் மட்டும் இருக்கிறது. அதைக் கான்டாக்டரை இழுக்கும் ஒரே செயற்பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். தோட்டங்களுக்கு அனுப்பும் பதிப்பில் அசெர்ட்டை நீக்கிவிடலாமா, வைத்திருக்கலாமா?

நொய்யல்கரை எழுதியது:

வைத்திருங்கள். மேசையில் அசெர்ட் நின்ற இடத்தில் சுழன்றுகொண்டிருந்தால் போதும். தோட்டத்தில் அது முதலில் கான்டாக்டரை விடுவிக்க வேண்டும், பிறகு வரி எண்ணையும் கோப்பின் அடையாள எண்ணையும் பேக்அப் பதிவகங்களில் எழுத வேண்டும், அதன் பின் ரீசெட் செய்ய வேண்டும். எஃப்103சி8-இல் 16 பிட் கொண்ட பேக்அப் பதிவகங்கள் பத்து உள்ளன. ரீசெட்டிலும் அவை அழிவதில்லை. மறுதொடக்கத்தில் அவற்றைப் படித்து, மோடம் பதிவானதும் உங்கள் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பச் செய்யுங்கள். எஸ்டிஎம்32 நிரலின் சட்டகத்தை உருவாக்கித் தரும் கியூப்எம்எக்ஸ் கொண்டு திட்டத்தை மீண்டும் உருவாக்கினால், பயனர் பகுதிக்கு வெளியே எழுதிய வரிகள் அழிந்துவிடும். யூஆர்ட் முன்னுரிமையை அதன் என்விஐசி (இன்டரப்ட் அமைப்பு) பக்கத்திலேயே 6 என்று கொடுத்துவிடுங்கள், நிரலில் கையால் எழுதிய வரியை நம்பியிருக்க வேண்டாம்.